பெயரின் நடுவே ஒரு மேற்கோள் குறி: நிர்வாக மென்பொருளில் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷனைக் கண்டறிந்து அடைப்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியின் நிர்வாக மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாணவர் சேர்க்கை, கட்டணம், வருகைப் பதிவு, மாற்றுச் சான்றிதழ் ஆகிய நான்கும் உலாவியில் திறக்கும் ஒரே மென்பொருளில் நடந்தன. அது பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. சேர்க்கை நாளன்று உவரியிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தின் பெயரை ஏற்ற முயன்றபோது, திரையில் ஆங்கிலத்தில் நீண்ட பிழைச் செய்தி ஒன்று வந்து நின்றது. அலுவலகத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் அம்மா அதைக் கண்டு பதறவில்லை. "இந்தப் பேருக்கு நடுவுல மேல ஒரு கொம்பு வருதுல்லா சார், அத விட்டுட்டு அடிச்சா ஏறிரும்" என்றார்.

அவர் 'கொம்பு' என்று சொன்னது ஆங்கில எழுத்தில் எழுதும்போது டி'குரூஸ், டி'சூசா போன்ற பெயர்களின் நடுவே வரும் ஒற்றை மேற்கோள் குறியை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தபின் நிலைத்துவிட்ட குடும்பப் பெயர்கள் இவை. நம் கடற்கரை ஊர்களில் வெகு சாதாரணமாகப் புழங்குகின்றன. அந்தக் குறியை விட்டுவிட்டு எழுதினால் வேலை முடிந்துவிடுகிறது என்பதால், அது ஒரு பிழை என்றே அங்கு யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் அந்தத் திரையில் வந்த செய்தி, பள்ளியின் முழுத் தரவுத்தளமும் வெளியாட்களுக்குத் திறந்து கிடக்கிறது என்பதற்கான அறிவிப்பு. எஸ்க்யூஎல் என்பது தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் மொழி; வெளியாள் உள்ளீட்டுக் கட்டத்தில் எழுதுவது அந்தக் கட்டளைக்குள் புகுந்துவிடுவதைத்தான் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் என்கிறார்கள். அன்றிலிருந்து, என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வரும் ஒவ்வொரு இளைஞருக்கும் நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். வண்ணாரப்பேட்டையிலோ மேலப்பாளையத்திலோ ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் சேர்ந்து, முதல் மாதமே யாரோ எழுதிவிட்டுப் போன நிர்வாக மென்பொருளைக் கையில் வாங்கியிருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைப் புரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர் மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி கல்லாவில் அமர்ந்து, உள்ளே சாமான் எடுத்துக் கொடுக்கும் பையனுக்குச் சீட்டு எழுதி அனுப்புகிறார். சீட்டில் "இன்னாருக்கு ஒரு கிலோ அரிசி கொடு" என்ற வாசகம் ஏற்கெனவே இருக்கிறது. வாடிக்கையாளரின் பெயருக்கு மட்டும் இடம் விடப்பட்டிருக்கிறது. அந்த இடத்தை வாடிக்கையாளரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று அண்ணாச்சி விட்டுவிட்டால், ஒருவர் அங்கே "மாடசாமிக்கும், பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டு, அடுத்து வரும் லாரிக்கும்" என்று எழுதிவிட முடியும். உள்ளே இருக்கும் பையனுக்கு அண்ணாச்சியின் எழுத்து எது, வாடிக்கையாளரின் எழுத்து எது என்று தெரியாது. சீட்டில் இருப்பது முழுவதும் அவனுக்குக் கட்டளைதான்.

தரவுத்தளம் அந்தப் பையனின் நிலையில்தான் இருக்கிறது. மென்பொருள் அதற்கு அனுப்பும் வினவலை, அதாவது கட்டளை வாக்கியத்தை, தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினால் இப்படி இருக்கும்:

செலக்ட் * ஃப்ரம் மாணவர் வேர் பெயர் = 'இசக்கியம்மாள்'

'மாணவர்' என்ற அட்டவணையில் இந்தப் பெயருள்ள வரிசைகளை எடுத்துத் தா என்பது இதன் பொருள். பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தரவுத்தளம் அந்த இரண்டு ஒற்றை மேற்கோள் குறிகளைக் கொண்டு மட்டுமே அறிகிறது. இப்போது உவரிக் குடும்பத்தின் பெயரை அதே இடத்தில் வையுங்கள்:

செலக்ட் * ஃப்ரம் மாணவர் வேர் பெயர் = 'டி'குரூஸ்'

பெயர் 'டி' என்பதோடு முடிந்துவிட்டதாகத் தரவுத்தளம் கருதுகிறது. மீதமுள்ள எழுத்துகளைக் கட்டளையாகப் படிக்க முயன்று, பொருள் விளங்காமல் பிழைச் செய்தி தருகிறது. அந்தக் குடும்பத்தார் எந்தத் தவறும் செய்யவில்லை. தங்கள் பெயரைச் சரியாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆனால் அதே இடத்தில் தீய எண்ணமுள்ள ஒருவர், பொருளில்லாத எழுத்துகளுக்குப் பதிலாகப் பொருளுள்ள கட்டளையைப் பொருத்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள். பெயர்க் கட்டத்தில் ' ஆர் '1'='1 என்று எழுதினால் வினவல் இப்படி மாறுகிறது:

செலக்ட் * ஃப்ரம் மாணவர் வேர் பெயர் = '' ஆர் '1'='1'

ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம் என்பதால் நிபந்தனை ஒவ்வொரு வரிசைக்கும் பொருந்தி, எல்லா மாணவரின் விவரங்களும் திரைக்கு வந்துவிடுகின்றன. உள்நுழைவுப் பக்கத்தில் இதே ஓட்டை இருந்தால் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே போகலாம். இரண்டு வினவல்களின் விடைகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனியன் என்ற சொல்லைப் பயன்படுத்தி, மாணவர் அட்டவணையைத் தேடும் பக்கத்தின் வழியாகவே பணியாளர் கடவுச்சொல் அட்டவணையையும் படித்துவிடலாம். இந்த முறையை 1998 டிசம்பரில் ஃபிராக் என்ற மின்னிதழின் 54ஆம் இதழில் ஜெஃப் ஃபாரிஸ்டல் விளக்கி எழுதினார். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் இது நம்மிடையே நீடிப்பதற்குக் காரணம், பழைய பாடங்களிலிருந்து நகலெடுத்த நிரல்களை நாம் இன்னும் திருத்தாமல் வைத்திருப்பதுதான் என்பது என் கருத்து.

சோதனைக்கு உட்காருமுன்

நேரடியாகப் பயன்பாட்டில் இருக்கும் மென்பொருளில் எதையும் சோதித்துப் பார்க்காதீர்கள். பிஎச்பியையும் தரவுத்தளத்தையும் சொந்தக் கணினியிலேயே ஓட்ட உதவும் எக்ஸாம்ப் போன்ற ஒன்றை உங்கள் கணினியில் நிறுவி, மென்பொருளின் நகலை அதில் ஏற்றி, கற்பனைப் பெயர்கள் கொண்ட தரவுத்தளத்தை அதனுடன் இணைத்துக்கொள்ளுங்கள். உண்மையான மாணவர் விவரங்களை உங்கள் மடிக்கணினிக்கு எடுத்துவருவதே ஒரு பாதுகாப்புக் குறை. பழகிப் பார்க்க வேண்டும் என்றால், வேண்டுமென்றே ஓட்டைகளோடு உருவாக்கப்பட்ட டிவிடபிள்யூஏ, வெப்கோட் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. பிறருடைய இணையதளத்தில் "சும்மா ஒரு குறியைப் போட்டுப் பார்த்தேன்" என்பதும் அனுமதியில்லாத அணுகல்தான். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவில் இதற்கு இழப்பீட்டுப் பொறுப்பைச் சுமத்துகிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எனவே, எந்த நிறுவனத்தின் மென்பொருளைச் சோதிக்கிறீர்களோ அந்த நிறுவனத்திடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டைகளைத் தேடுங்கள்

எல்லா உள்ளீட்டுக் கட்டங்களிலும் மேற்கோள் குறியுள்ள ஒரு பெயரை எழுதிப் பாருங்கள். தரவுத்தளப் பிழை வந்தாலோ, வெற்றுப் பக்கம் வந்தாலோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, முகவரிப் பட்டியில் எண்ணைக் கொண்டு ஒரு பதிவைக் காட்டும் பக்கங்களைப் பாருங்கள். மாணவர் எண் 7 என்றிருக்கும் இடத்தில் 7-1 என்று எழுதுங்கள். 6ஆம் மாணவரின் பக்கம் வந்தால், நீங்கள் எழுதிய கழித்தலைத் தரவுத்தளமே செய்திருக்கிறது, அதாவது உங்கள் எழுத்து கட்டளைக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள். 7ஆம் மாணவரே வந்தால், அந்த மதிப்பு ஏதோ ஒரு வகையில் எண்ணாகவோ சொல்லாகவோ சுருக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஆனாலும் நிரலைப் பார்க்காமல் நிம்மதி அடையாதீர்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் உள்நுழைவுப் பக்கத்தையும் தேடல் கட்டத்தையும் சோதித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நிர்வாக மென்பொருளில் ஓட்டைகள் அதிகம் ஒளிந்திருப்பது வேறு இடங்களில். பட்டியலின் தலைப்பை அழுத்தினால் அகரவரிசைப்படுத்தும் வசதி, 'இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரை' என்று கேட்கும் அறிக்கைப் பக்கம், பல வரிசைகளைக் குறியிட்டு ஒரே நேரத்தில் அழிக்கும் பொத்தான், எக்செல் கோப்பிலிருந்து நூற்றுக்கணக்கான பெயர்களை ஏற்றும் பகுதி, திரையில் தெரியாமல் படிவத்துக்குள் மறைந்திருக்கும் புலங்கள், உலாவி சேமித்து வைத்துத் திருப்பி அனுப்பும் குக்கீ, எந்த உலாவியில் யார் வந்தார் என்று குறித்து வைக்கும் வருகைப் பதிவேடு ஆகிய எல்லாவற்றிலும் வெளியிலிருந்து வரும் எழுத்து வினவலுக்குள் போகிறது. உலாவி தன்னைப் பற்றிச் சொல்லும் செய்தியைக்கூட அனுப்புகிறவர் தன் விருப்பப்படி மாற்றி எழுத முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னும் ஒரு வகை உண்டு. எனக்கு அதிக நேரம் செலவானது அதில்தான். பெயரைச் சேமிக்கும் பக்கம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும், டி'குரூஸ் என்ற பெயர் சிக்கலின்றித் தரவுத்தளத்துக்குள் போய்விடும். மூன்று மாதம் கழித்துக் கட்டண நிலுவை அறிக்கையை எடுக்கும்போது, தரவுத்தளத்திலிருந்தே எடுத்த அந்தப் பெயரை வேறொரு வினவலுக்குள் அப்படியே ஒட்டியிருப்பார்கள், அங்கே உடையும். நம் தரவுத்தளத்திலிருந்து வந்ததுதானே என்ற நம்பிக்கைதான் இங்கே ஏமாற்றுகிறது. அங்கே இருப்பதும் ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்ததுதான்.

ஆகவே திரையில் சோதிப்பதோடு நிற்காமல், நிரல் கோப்புகள் முழுவதிலும் செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலீட் என்ற சொற்களைத் தேடி, வினவல் வாக்கியத்தோடு ஒரு மாறி ஒட்டப்பட்டிருக்கும் ஒவ்வொரு வரியையும் ஒரு பட்டியலாக எழுதுங்கள். எனக்கு வந்த மென்பொருளில் இந்த வேலைக்கே நான்கு நாட்கள் ஆயின. யாரும் இப்போது பயன்படுத்துவதில்லை என்று சொல்லப்படும் பழைய பக்கங்களையும் விட்டுவிடாதீர்கள். 2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் திருடப்பட்டது, அந்நிறுவனம் 2009இல் வாங்கிய மற்றொரு நிறுவனத்தோடு சேர்ந்து வந்து, கவனிப்பாரின்றிக் கிடந்த பழைய இணையப் பக்கங்களின் வழியாகத்தான். ஓராண்டு கழித்து அந்நாட்டுத் தகவல் ஆணையர் 4,00,000 பவுண்டு அபராதம் விதித்தார். பயன்படுத்தாத பக்கம் என்றால் சர்வரிலிருந்து நீக்கிவிடுங்கள். இருக்கும்வரை அது வாசல்தான்.

அடைக்கும் முறை

சரியான மருந்து ஒன்றுதான்: கட்டளையையும் மதிப்பையும் தனித்தனியே அனுப்புவது. இதை 'பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்' என்கிறார்கள். வினவலில் மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி ஒன்றை மட்டும் வைக்கிறோம்:

செலக்ட் * ஃப்ரம் மாணவர் வேர் பெயர் = ?

பிஎச்பியில் தரவுத்தளத்தோடு பேசுவதற்கான பிடிஓ முறையைப் பயன்படுத்தினால், இந்த வாக்கியத்தை முதலில் 'பிரிப்பேர்' என்ற செயற்கூற்றுக்குக் கொடுக்க வேண்டும். தரவுத்தளம் அதைப் படித்து, என்ன செய்ய வேண்டும் என்பதை அப்போதே முடிவு செய்துகொள்கிறது. அதன் பிறகு 'எக்ஸிக்யூட்' செயற்கூற்றின் வழியாகப் பெயர் தனியே போகிறது. சீட்டின் வாசகத்தை அண்ணாச்சி முழுவதுமாகச் சொல்லி முடித்துவிட்டு, பெயரை மட்டும் வேறு தாளில் அனுப்புவது போன்றது இது. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தாலும் பையனுக்கு அது ஒரு பெயர் மட்டுமே. டி'குரூஸ் முழுப் பெயராகவே பதிவாகும்; ' ஆர் '1'='1 என்று எழுதியவருக்கு, அப்படி ஒரு பெயருள்ள மாணவர் இல்லை என்ற பதில் கிடைக்கும்.

இணைப்பை உருவாக்கும் இடத்தில் இரண்டு அமைப்புகளைக் கவனியுங்கள். மைஎஸ்க்யூஎல்லோடு இணையும்போது, பிடிஓ இயல்பு நிலையில் தரவுத்தளத்திடம் தனித்தனியே அனுப்பாமல், தானே மதிப்பை வாக்கியத்துக்குள் பொருத்தி அனுப்புகிறது. 'எமுலேட் பிரிப்பேர்ஸ்' என்ற அமைப்பை அணைத்துவிட்டால் உண்மையாகவே பிரித்து அனுப்பும். எழுத்துக் குறியாக்கத்தை யுடிஎஃப்8எம்பி4 என்று இணைப்பிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

மேற்கோள் குறியை வெறும் எழுத்தாகக் கொள்ளச் சொல்லும் பின்சாய்கோட்டை அதற்கு முன்னால் போட்டுவிட்டால் போதாதா என்று ஏறக்குறைய எல்லோரும் கேட்கிறார்கள். அந்த வழியை நானும் முதலில் நம்பியிருக்கிறேன். எண் வரும் இடங்களில் மேற்கோள் குறியே இருப்பதில்லை. மாணவர் எண் 7 என்ற இடத்தில் 7 ஆர் 1=1 என்று எழுதினால், சாய்கோடு போடுவதற்கு அதில் எந்தக் குறியும் இல்லை; ஆனால் தாக்குதல் நடந்துவிடுகிறது. பிஎச்பியே 'மேஜிக் கோட்ஸ்' என்ற பெயரில் தானாகச் சாய்கோடு போடும் வசதியை வைத்திருந்து, அது பாதுகாப்பு தரவில்லை என்று கண்டு, 2012இல் வெளிவந்த 5.4 பதிப்பில் நீக்கியது. பிஎச்பியில் இருந்த பழைய மைஎஸ்க்யூஎல் செயற்கூறுகள் 2015 டிசம்பரில் வந்த 7.0 பதிப்போடு முற்றிலும் நீக்கப்பட்டன. உங்கள் கைக்கு வந்த மென்பொருள் இன்னும் அந்தச் செயற்கூறுகளை நம்பியிருந்தால், அது ஓடும் பிஎச்பியும் பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன பதிப்பாகவே இருக்கும். அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கேள்விக்குறி எல்லா இடத்திலும் செல்லாது. அட்டவணையின் பெயர், நெடுவரிசையின் பெயர், ஏறுவரிசையா இறங்குவரிசையா என்பது ஆகியவை கட்டளையின் பகுதிகள். அவற்றை மதிப்பாக அனுப்ப முடியாது. வரிசைப்படுத்தும் வசதியில் ஓட்டை மிஞ்சிவிடுவது இதனால்தான். அங்கே அனுமதிப் பட்டியல் ஒன்றை நிரலுக்குள்ளேயே எழுதுங்கள். பெயர், வகுப்பு, சேர்ந்த தேதி ஆகிய மூன்றில் ஒன்றை உலாவி கேட்டால் அதற்குரிய நெடுவரிசைப் பெயரை நிரல் தானே எடுத்துப் போடட்டும். வேறு எதைக் கேட்டாலும் பெயர் வரிசையே வரட்டும். உலாவி அனுப்பிய எழுத்து எந்த நிலையிலும் வாக்கியத்துக்குள் நுழையக் கூடாது.

பல வரிசைகளை ஒரே நேரத்தில் அழிக்கும் இடத்தில், எத்தனை எண்கள் வந்தனவோ அத்தனை கேள்விக்குறிகளை உருவாக்க வேண்டியிருக்கும். இதைச் செய்யும்போது அவசரப்படாதீர்கள். இணையதளங்களை உருவாக்க உலகெங்கும் பயன்படும் ட்ரூபல் மென்பொருள் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்டைத்தான் பயன்படுத்தியது. ஆனால் பட்டியலாக வரும் மதிப்புகளுக்கு இடக்குறிகளை, அதாவது கேள்விக்குறி போல மதிப்புக்கு இடம்பிடிக்கும் பெயர்களை, உருவாக்கும்போது, உலாவி அனுப்பிய பட்டியலின் சாவிச் சொற்களையே இடக்குறியின் பெயரில் சேர்த்துவிட்டது. அந்த ஒரு கவனக்குறைவால் எந்தக் கணக்கும் இல்லாத வெளியாள் தளத்தையே கைப்பற்ற முடிந்தது. 2014 அக்டோபர் 15 அன்று 7.32 பதிப்பு வெளியாகி ஓட்டை அடைக்கப்பட்டது. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் புதுப்பிக்கப்படாத தளங்கள் அனைத்தும் ஊடுருவப்பட்டதாகவே கருதப்பட வேண்டும் என்று ட்ரூபல் பாதுகாப்புக் குழு பின்னர் எச்சரித்தது. உங்கள் நிரலில் வெறும் கேள்விக்குறிகளை எண்ணிக்கைக்கு ஏற்ப வைத்தால் போதும், பெயர்களை உருவாக்காதீர்கள்.

தரவுத்தளக் கணக்கின் அதிகாரத்தைக் குறையுங்கள்

பாளையங்கால்வாயிலிருந்து தன் வயலுக்கு மடை திறந்துகொள்பவரிடம் பாபநாசம் அணையின் ஷட்டரை யாரும் ஒப்படைப்பதில்லை. ஆனால் நம் மென்பொருள்களில் பெரும்பாலானவை 'ரூட்' என்ற முழு அதிகாரக் கணக்கோடுதான் தரவுத்தளத்தை அணுகுகின்றன. மென்பொருளுக்கென்று தனிக் கணக்கு உருவாக்கி, அதற்கு அந்த ஒரு தரவுத்தளத்தில் படிக்கவும், சேர்க்கவும், திருத்தவும், வரிசைகளை அழிக்கவும் மட்டும் அனுமதி கொடுங்கள். அட்டவணையையே அழிக்கும் அதிகாரமும், சர்வரின் கோப்புகளைப் படித்து எழுதும் 'ஃபைல்' அதிகாரமும் வேண்டாம். அறிக்கைப் பக்கங்களுக்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள இரண்டாவது கணக்கை வைத்தால் இன்னும் நல்லது. எங்கோ ஓர் ஓட்டை உங்கள் கண்ணுக்குத் தப்பியிருந்தாலும், அதன் வழியாக நடக்கும் சேதம் இதனால் சிறியதாகும்.

பிழைச் செய்திகளைத் திரையில் காட்டாமல் சர்வரின் பதிவுக் கோப்பில் எழுதச் செய்யுங்கள். இதைச் செய்துவிட்டு ஓட்டை அடைபட்டதாக நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது அடைபடவில்லை. செய்தி தெரியாவிட்டாலும், பக்கம் வருகிறதா வரவில்லையா என்பதைக் கொண்டோ, 'ஸ்லீப்' கட்டளையால் பதில் எத்தனை வினாடி தாமதமாகிறது என்பதைக் கொண்டோ ஒவ்வோர் எழுத்தாகத் தரவை வெளியே இழுக்க முடியும். கடவுச்சொற்களை 'பாஸ்வேர்டு ஹேஷ்' செயற்கூற்றைக் கொண்டு மாற்றிச் சேமியுங்கள், எம்டி5 என்ற பழைய முறை போதாது.

எங்கள் பணியாளர்கள் மட்டுமே உள்நுழையும் மென்பொருளுக்கு இவ்வளவு எதற்கு என்று உங்களிடம் கேட்பார்கள். தரவுத்தளங்களை உலாவி வழியே நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மின் மென்பொருளிலேயே, 2020 ஜனவரியில், பாதுகாப்புக் குறைகளுக்குப் பொதுவாகத் தரப்படும் வரிசையில் சிவிஇ-2020-5504 என்ற எண்ணில் ஓர் ஓட்டை பதிவாயிற்று. முறையான கணக்குள்ள ஒருவர், பயனர் கணக்குகள் பக்கத்தில் தன் பயனர் பெயரின் இடத்தில் கட்டளையைப் புகுத்த அது இடம் கொடுத்தது, 4.9.4, 5.0.1 ஆகிய பதிப்புகளில் சரிசெய்யப்பட்டது. உள்ளே இருப்பவர் ஒருவரின் கடவுச்சொல் திருடுபோனால், திருடியவரும் உள்ளே இருப்பவர்தான். பிஎச்பிமைஅட்மின் உங்கள் சர்வரில் இருந்தால் அதைப் புதுப்பித்து, இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைக்காமல் அலுவலக முகவரிகளுக்கு மட்டும் அனுமதியுங்கள்.

ஏற்கெனவே யாரேனும் நுழைந்திருந்தால்

பதிவுக் கோப்புகளில் யூனியன், ஸ்லீப், அட்டவணைகளின் பெயர்களைத் தரும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா போன்ற சொற்களோடு வந்த கோரிக்கைகள் உண்டா என்று தேடுங்கள். படிவத்தின் வழியாக அனுப்பப்பட்டவை வழக்கமான பதிவில் தெரியாது என்பதால், அங்கே ஒன்றும் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். தடயம் தென்பட்டால் எதையும் அழிக்காமல் பதிவுகளையும் தரவுத்தளத்தையும் நகலெடுத்துக்கொண்டு, நிர்வாகத்திடம் உடனே சொல்லுங்கள். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இந்திய அரசு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைப்படி, இத்தகைய சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்கவும் வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. பயந்து மறைக்கச் சொல்லும் நிர்வாகியிடம் இந்த இரண்டையும் பணிவாக எடுத்துச் சொல்வது உங்கள் கடமை.

கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஓட்டைகளை அடைத்து முடித்தபின், முன்பு 'கொம்பை' விட்டுவிட்டு ஏற்றப்பட்ட பெயர்களை எல்லாம் பட்டியலிடுங்கள். அந்தப் பள்ளியில் நாங்கள் அலுவலக அம்மாவின் துணையோடு பழைய சேர்க்கைப் படிவங்களைக் கட்டுக்கட்டாக எடுத்து, ஒவ்வொரு பெயரையும் பிறப்புச் சான்றிதழின் நகலோடு ஒப்பிட்டோம். மாற்றுச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும் பெயர் இருந்ததால், கல்லூரிச் சேர்க்கையின்போது அலைந்த பிள்ளைகள் அதில் இருந்தார்கள். பெயர்களைத் திருத்தி, புதிய படிவத்தில் முதல் ஆளாக உவரிக் குடும்பத்தின் பெயரைக் குறியோடு சேர்த்து அடித்து, சேமி என்ற பொத்தானை அந்த அம்மாவே அழுத்தினார். பெயர் முழுதாக ஏறியது.